மீன்கள் தாழ்ந்தபோது

1954 மே 6, வியாழன்

இரண்டாம் தடவை விட்ட மீனும் செத்துப் போச்சு. காலையில் பார்த்தால் அத்தனையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறது. மக்குதான் காரணம், வேறென்ன? ஆளிவிதை எண்ணெய் விட்டுக் குழைத்த மக்கை வைத்துத்தானே கண்ணாடியை இரும்புச் சட்டத்தில் ஒட்டினேன். இத்தனை வருடம் பனச்சமூட்டில் படத்துக்குக் கண்ணாடி போட்டு வயிறு வளர்க்கிறவன், மக்கு காயும் முன்னே தண்ணீர் விடலாமா? அவசரம். பிறந்ததிலிருந்தே எனக்கு அவசரம்.

புஷ்பபாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "கறிக்காவது ஆவுமா?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இவள் வாய் இப்படித்தான்.

பாறசாலையில் ஜவுளிக்கடையை மூடியவர் தன் கண்ணாடி அலமாரியை என் தலையில் கட்டினார். தடித்த கண்ணாடி, சாமிப் படத்துக்கு ஆகாது. திருவனந்தபுரத்தில் ஒருமுறை கண்ணாடித் தொட்டிக்குள் மீன் ஓடுவதைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து இந்தப் பைத்தியம். பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஏதாவது ஒன்று அசையட்டுமே என்று நினைத்தேன், அது தப்பா?

மே 9, ஞாயிறு

கோயிலில் பாதிரியாரின் பிரசங்கம் ஒரு வார்த்தை ஏறவில்லை. மண்டைக்குள் முழுக்கத் தண்ணீர் வடிகட்டுகிற கரியும் மணலும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி — இப்படியே மூன்று நாளாகச் செய்கிறேன். எண்ணெய் நாற்றம் குறைந்திருக்கிறது.

மே 14, வெள்ளி

யோசுவாவும் நானும் இன்று நல்ல சண்டை. யோசுவா புஷ்பபாயின் தம்பி. தாய் செத்தபோது தவழ்ந்துகொண்டிருந்தவனை இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை அவன்தான் பாதி தீர்த்தான். கடையில் சட்டத்துக்கு மரம் அறுப்பது அவன் வேலை. திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கொடி பிடிப்பதும் அவன் வேலை. இரண்டாவது வேலையில்தான் இப்போது நேரம் அதிகம் போகிறது.

தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது என்பதுதான் சண்டை. தினமும் பாதித் தண்ணீரை மாற்றினால் போதும் என்கிறான் அவன். ஓடைத் தண்ணீர் போய்க்கொண்டே இருப்பதால்தான் மீன் பிழைக்கிறது, நாம் அதை ஓடவைக்க வேண்டும் என்கிறேன் நான். கடைசியில் நான்தான் ஜெயித்தேன். குடிக்கிற தண்ணீருக்கு வைப்பதுபோல மூன்று பானை. மேல் பானையில் ஆற்றுச் சரளை, நடுப் பானையில் சிரட்டைக்கரி, கீழே கழுவிய மணல். ஒவ்வொன்றின் அடியிலும் துளை, துளையில் தென்னந்தும்பு. ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி விட்டால் தொட்டியின் அடித்தண்ணீர் கழிவோடு வாளிக்கு வந்துவிடும். அதை மேல் பானையில் ஊற்றினால், சொட்டுச் சொட்டாக இறங்கித் தொட்டிக்கே திரும்பும்.

முதல் உறிஞ்சலில் ஒரு வாய் குடித்துவிட்டேன். யோசுவா தரையில் விழுந்து சிரித்தான்.

தொட்டியைப் பின்முறியில் வைத்தாயிற்று. முன்பக்கம் ரோடு, கடை, ஆணி அடிக்கிற சத்தம், வெயில். ஒன்றும் மீனுக்கு ஆகாது. பின்முறிக்கு அடுத்தது அடுக்களை. பின்சுவர் பாறையை ஒட்டியே எழுப்பியது. பாறைக்குப் பின்னால் ரப்பர் தோட்டம், அதைத் தாண்டி ஓடை.

மே 22, சனி

யோசுவா ஓடையில் துவர்த்துத் துண்டை விரித்துப் பிடித்து மீன் கொண்டுவந்தான். மேலே நீந்துகிற மானத்துக்கண்ணி. தலையில் வெள்ளிப் பொட்டு, ஆகாயத்தைப் பார்க்கிற கண்போல. நடுவில் ஓட பரல். மணலில் புதைந்து கிடக்க இரண்டு ஆரல். ஒரு வரால் குஞ்சும் கொண்டுவந்தான்.

"வரால் வேண்டாம்லே, அது எல்லாத்தையும் தின்னுப்போடும்," என்றேன்.

"குஞ்சாக்கும் அத்தான். அது என்னத்தத் தின்னும்?"

அவன் கையால் ஒவ்வொன்றாக விட்டான். இந்த மீன் எல்லாமே அவன் கையிலிருந்து இறங்கியவை.

மே 27, வியாழன்

வரால் பரல்களைத் தின்றுவிட்டது. வராலை நாங்கள் தின்றோம். புஷ்பபாய்க்கு ஒரே சந்தோஷம்.

ஜூன் 12, சனி

மழை. தொட்டி ஒருவழியாகச் சரியாகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் கூட்டம் அதிகம் என்று அர்த்தம். அப்படிப் பிளந்ததைப் பார்த்து, புதிதாகப் பிடித்த பரலில் பாதியை ஓடையிலேயே விட்டுவிட்டோம். ஓடையிலிருந்து கொண்டுவந்து போட்ட வேலம்பாசி பச்சென்று படர்ந்துவிட்டது. தண்ணீர் எவ்வளவு தெளிவு என்றால், மீன்கள் காற்றில் நிற்பதுபோல இருக்கிறது. சில நேரம் பார்க்கப் பயமாகக்கூட இருக்கிறது. என்னவோ.

பக்கத்துத் தோட்டத்துக் கிருஷ்ணன்குட்டி வந்து பார்த்து, "கொள்ளாம், கொள்ளாம்," என்றார். மலையாளத்தில் அவர் புகழ்வது இது ஒன்றுதான். எல்லை எங்கே போனாலும் அவர் ரப்பர் பால் வெட்டாமல் இருக்கப் போவதில்லை. யோசுவாவிடம் அதைச் சொன்னால் மூக்கு விடைக்கும்.

ஜூலை 5, திங்கள்

கோர்ட் மறியலுக்குப் போனவர்களைப் போலீஸ்காரர்கள் தேடுகிறார்கள். யோசுவா பெயரும் உண்டாம். நேற்று கோயிலுக்கு வந்தவன் வீட்டுக்கு வரவில்லை. மரம் அறுக்க ஆள் இல்லாமல் கடை வெறிச்சோடிக் கிடக்கிறது. புஷ்பபாய் இரண்டு பேருக்குச் சோறு வடிக்கத் தெரியாமல் மூன்று பேருக்கே வடிக்கிறாள்.

ஜூலை 14, புதன்

இன்று ஒன்று நடந்தது. எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மீன்கள் சாதாரணமாக அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் தாழ்ந்தன. மேலே இருந்து ஒருபோதும் இறங்காத மானத்துக்கண்ணிகூட மணலைத் தொட்டு நின்றது. ஆரல்கள் புதைந்த மணலிலிருந்து தலையை நீட்டின. எல்லாம் பின்சுவர்ப் பக்கம் தலை. ரோட்டுக்கு வாலைக் காட்டி அப்படியே நின்றன. துடுப்புகூட அசையவில்லை. சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் போலீஸ் லாரி இரைந்துகொண்டு போனது. அது போனபிறகு மீன்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன.

ஜூலை 23, வெள்ளி

மறுபடி. இன்று புஷ்பபாய் பார்த்தாள். "இஞ்சேருங்க! இஞ்ச வாருங்க!" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். அதே நிலை. பிறகு லாரி.

நம் காதுக்கு எட்டாத அதிர்வு தண்ணீருக்கு எட்டுகிறது, பாறை வழியாக வருகிறது என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுவ லாரி வாறதச் சொல்லுது," என்றாள். "எனக்க தம்பிக்காகச் சொல்லுது."

ஆகஸ்ட் 12, வியாழன்

நேற்று மார்த்தாண்டத்தில் போலீஸ்காரர்கள் கூட்டத்தின்மேல் துப்பாக்கியால் வெடிவைத்தார்கள். புதுக்கடையிலும். செத்தவர்கள் எத்தனை என்று ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். யோசுவா எங்கே?

நேற்றுப் பகல் முழுவதும் மீன்கள் தாழவே இல்லை. லாரிகள் வேறு வழியாகப் போயிருக்கும்.

சாயங்காலம் சந்தியில் சாயாக்கடை வைத்திருக்கிற தாணு வந்தான். யோசுவாவின் சிநேகிதன். "பயப்படாதீங்க அக்கா. ஆளு உண்டு. ஒரு கீறல் இல்ல," என்றான். எங்கே என்று கேட்டதற்கு, "அது தெரியாதது நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனான். புஷ்பபாய் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம்.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

புஷ்பபாய் அரிசி பொறுக்குவதும் கிழங்கு நறுக்குவதும் தொட்டிக்கு முன்னால்தான். தாணுவிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்: மீன்கள் மேலே ஓடிக்கொண்டிருந்தால் பின்வாசலில் சிவப்புச் சேலையை உலர்த்துவாள், அதைப் பார்த்து யோசுவா வந்து கஞ்சி குடிக்கலாம், மீன் தாழ்ந்தால் உடனே ஓட வேண்டும். தாணு முதலில் சிரித்தானாம். பிறகு வந்து ஒருமுறை பார்த்தான். அன்று தாழவில்லை. ஆனாலும் தொட்டிக்கு எதிரே நின்றவன் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினான்.

செப்டம்பர் 3, வெள்ளி

வந்தான்! வந்த வேகத்திலேயே போனான்.

சேலை உலர்ந்துகொண்டிருந்தது. பின்வாசலில் நிழல் விழுந்தது. நான் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி — எங்கள் யோசுவாவா இது? புஷ்பபாய் கஞ்சியை ஊற்றித் தட்டை எடுத்தாள். "அக்கா," என்று அவன் கையை நீட்டினான். அதே கணம் தொட்டியில் எல்லாம் தாழ்ந்துவிட்டன. பின்சுவரைப் பார்த்து அசையாமல் நின்றன.

"ஓடு மக்கா! ஓடு! லாரி வருது!" என்று அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். தட்டு அவள் கையிலேயே இருந்தது. அவன் பாறை ஏறி மறைந்துவிட்டான்.

லாரி வரவில்லை. பாதி வழியில் திரும்பியிருக்கும் என்றேன். "வந்தா என்ன, வராட்டி என்ன, தப்பிச்சானே," என்றாள். கஞ்சியைக் கோழிக்குப் போட மனமில்லாமல் சாயங்காலம்வரை மூடி வைத்திருந்தாள்.

செப்டம்பர் 11, சனி

மறுபடி அப்படியே. வாசற்படியில் கால் வைத்தான், மீன் தாழ்ந்தது, துரத்திவிட்டாள். இன்றும் லாரி வரவில்லை. பட்டினியோடு வந்தவன் பட்டினியோடு போனான். "எதுக்கு அக்கா, யாரையும் காணல்லியே," என்றான். "மீனுக்குத் தெரியும்டே," என்றாள்.

செப்டம்பர் 18, சனி

தொட்டியின் கீழ்மூலையில் முடிபோல ஒரு விரிசல். தொட்டியைத் தாங்குகிற பலகை ஒரு பக்கம் சாய்ந்து, கண்ணாடிக்குக் கனம் தாங்கவில்லை. கிருஷ்ணன்குட்டி பார்த்துவிட்டு, "ஒரு ரப்பர் ஷீட் அடியில் வெச்சா மதி சாரே. எல்லாம் அது தாங்கிக்கொள்ளும்," என்றார். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு; மதி என்றால் போதும். புகைபோட்ட ஷீட் இரண்டை அவரே கொண்டுவந்து கொடுத்தார். அந்த நாற்றம் வீடு முழுக்க.

திங்கட்கிழமை வைக்கவேண்டும்.

செப்டம்பர் 20, திங்கள்

காலையில் மீன்களைச் சருவப் பானையில் மாற்றி வாயை ஓலைமூடியால் மூடினேன். தண்ணீரை இறைத்து, தொட்டியை நகர்த்தி, விரிசலுக்கு மக்கு வைத்து, ஷீட்டை விரித்து மறுபடி தூக்கி வைத்தேன். இடுப்பு போய்விட்டது.

இதற்கு நடுவில்தான் யோசுவா வந்தான். தாணு தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். கொடும்பனி, கடுங்காய்ச்சல். உடம்பு அடுப்புக்கல்போலக் கொதிக்கிறது. மீன் மூடிய சருவத்துக்குள் கிடக்கிறது, கேட்க வழியில்லை. புஷ்பபாய் இன்று மீனைக் கேட்கவும் இல்லை. பின்முறிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 22, புதன்

மக்கு காய்ந்தது. இந்த முறை அவசரப்படவில்லை. எண்ணெய் நாற்றம் போகத் தண்ணீர் மாற்றி, இன்று மத்தியானம் மீன்களைத் திரும்ப விட்டேன். யோசுவா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அரைக் கிண்ணம் கஞ்சி இறங்கியது.

மீன்கள் தாழவில்லை. ஆனால் ஓடவும் இல்லை. எல்லாம் கட்டில் பக்கத்து மூலையில் கூடி, அவன் பக்கம் பார்த்து நிற்கின்றன. தீனி போட்டாலும் வந்து எடுத்துக்கொண்டு மூலைக்கே திரும்பிவிடுகின்றன. மேலே இருக்கும்வரை பயமில்லை என்று புஷ்பபாய் நன்றாகத் தூங்கினாள். எத்தனை நாளுக்குப் பிறகு.

செப்டம்பர் 24, வெள்ளி

கொண்டுபோய்விட்டார்கள்.

முற்பகல். மீன்கள் மேலே நின்றன. சத்தியமாக மேலேதான் நின்றன, நான் தொட்டிக்கு முன்னால்தான் இருந்தேன். லாரிச் சத்தம் காதில் விழுந்தபோது வாசலில் பூட்ஸ் சத்தமும் கேட்டுவிட்டது. காய்ச்சலில் கிடந்தவனை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். போகும்போது தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். மீன்களும்... இல்லை, நான் அதை எழுதமாட்டேன்.

ஷீட். அந்தப் பாழாய்ப்போன ஷீட்! அதிர்வு முழுவதையும் ரப்பர் குடித்துவிட்டது. கண்ணாடி முக்கியமா, பிள்ளை முக்கியமா? நானே என் கையால் மீனின் காதை அடைத்தேன். மடையன். மடையன்.

புஷ்பபாய் கட்டில் விரிப்பை மடித்தாள். ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்: "மலையாளத்தான் தந்த ஷீட்டுதானே." அப்படிச் சொல்லாதே என்றேன். சொல்லிவிட்டு நானே தொட்டியை ஒவ்வொரு பக்கமாக நெம்பி ஷீட் இரண்டையும் உருவி, வேலிக்கு மேலே கிருஷ்ணன்குட்டியின் தோட்டத்துக்குள் விட்டெறிந்தேன். அவர் மரத்தடியில் நின்றிருந்தார். குனிந்து எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 6, புதன்

ஜெயிலில் இருக்கிறான். பார்க்க விடவில்லை.

இன்று லாரி வந்தது. தொட்டிக்கு அடியில் வெறும் பலகைதான், ஷீட் இல்லை. நானும் புஷ்பபாயும் தொட்டி முன்னால் நின்றோம். லாரி வீட்டைத் தாண்டி அதிர அதிரப் போனது. பானையில் தண்ணீர் ஆடியது. மீன்கள் அசையவில்லை. பரல்கள் பாசியைக் கொத்திக்கொண்டிருந்தன, எங்களைத் தெரியாதவைபோல.

அப்படியானால் ரப்பர் இல்லை. அப்படியானால் என்ன?

அக்டோபர் 7, வியாழன்

தாணுவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவன் எழுந்துபோய்ப் பின்சுவரைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சொன்னான்.

சந்தியில் லாரி புறப்படத் தயாரானதும் இவன் சாயாக்கடைக் கூரையில் துண்டை விரிப்பானாம். யோசுவா ரோட்டோரத்துப் பாக்குக் கொட்டகையில் இருப்பானாம். துண்டைக் கண்டால் அங்கிருந்து ஓடைப் பள்ளத்துக்கு ஓட வேண்டும். அதற்கு ஒரே வழி எங்கள் பின்சுவரை ஒட்டிய பாறை.

"எப்பவும் உங்க வீட்டுக்குப் பின்னாலேதான் அண்ணே போவான். உள்ளே கேறமாட்டான். உங்களுக்குப் போலீஸ் எடங்கேறு வேண்டாம்னு சொல்லுவான்."

முதலில் அவன் ஓடுவான். பிறகு லாரி வரும்.

மீன்கள் ரோட்டுக்கு வாலைக் காட்டவில்லை. பின்சுவரைத்தான் பார்த்தன. அவை ஒருநாளும் லாரியைச் சொல்லவில்லை. எங்கள் ஆடு அந்தப் பாறையில்தான் மேய்கிறது, புஷ்பபாய் அங்கேதான் விறகு உலர்த்துகிறாள், அதற்கெல்லாம் ஒரு மீனும் தாழ்ந்ததில்லை. அவன் ஒருவன் காலடிக்கு மட்டும். எப்படித் தெரிந்தது? தண்ணீருக்குள் இருந்துகொண்டு, சுவருக்கு இப்புறம் இருந்துகொண்டு?

புஷ்பபாய் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் வாசலுக்கு வந்தப்ப தாழ்ந்தது?"

நான் தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவன் வந்ததாக்கும் சொல்லிச்சு. இல்லியா? எனக்க பிள்ளை வந்திட்டான்னு சொல்லிச்சு. நான் — பசிச்சு வந்தவனை நெஞ்சிலே கைவச்சுத் தள்ளினேன். கஞ்சி கையிலே இருந்தது. கையிலே இருந்ததே, கர்த்தாவே!"

எனக்கு இதற்குமேல் எழுத முடியாது.

அக்டோபர் 10, ஞாயிறு

கிருஷ்ணன்குட்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "சாரமில்ல," என்றார், பரவாயில்லை என்று கையசைத்து. ஷீட்டைக் காட்டினார், கழுவி மடித்து வைத்திருந்தார். திரும்பக் கொண்டுவந்து தொட்டிக்கு அடியில் விரித்தேன். விரிசல் கூடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 9, செவ்வாய்

யோசுவாவை ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்களாம். அதே காய்ச்சல் குடலில் இறங்கிவிட்டது என்கிறார்கள். ஒருமுறை பார்க்க விட்டார்கள். எலும்பும் தோலும். பேச மூச்சு இல்லை. புஷ்பபாய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் தெரியாம ஓட்டிட்டேன் மக்கா," என்று அழுதாள். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "வாறேன் அக்கா," என்றான். அது ஒன்றுதான் தெளிவாக விழுந்தது.

நவம்பர் 21, ஞாயிறு

பானைக்கு மணல் மாற்றினேன். கரியும் புதிது. மழை விட்டுவிட்டதால் ஓடைத் தண்ணீர் தெளிந்திருக்கிறது. ஆரல் ஒன்று தொட்டியில் செத்துக் கிடந்தது. வேறு ஆரல் விட மனம் வரவில்லை. அவன் கை விட்டதுதான் இருக்கட்டும். கடையில் கிறிஸ்துமஸ் படங்கள் குவிந்து கிடக்கின்றன, சட்டம் அறுக்க ஆளில்லை.

டிசம்பர் 8, புதன்

கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பகல் வெளிச்சம் பளீரென்று இருந்தது. தாணு காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான், இன்னும் திரும்பவில்லை.

மீன்கள் தாழ்ந்தன.

அடியில் ஷீட் இருக்கிறது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. எல்லாம் ஒன்றாக இறங்கி, மணலைத் தொட்டு, பின்சுவரைப் பார்த்து நின்றன. புதைந்து கிடந்த ஒற்றை ஆரலும் தலையை நீட்டியது. எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

புஷ்பபாய் எழுந்தாள். ஓடவில்லை, கத்தவில்லை. கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினாள். பயறு வைத்தாள். பின்கதவை முழுக்கத் திறந்தாள். பாறையில் வெயில் மட்டும் இருந்தது. ஒருவரும் இல்லை. ஆடுகூட இல்லை.

"வா மக்கா," என்றாள். "ஆரும் உன்னை ஓட்டமாட்டினும். இரி."

கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் கிட்டே போகவில்லை. பயமா என்று கேட்டால், ஆமாம், பயம்தான். மீன்கள் இறங்கியபடியே நின்றன. இத்தனை நேரம் ஒருநாளும் நின்றதில்லை. பிறகு மெல்ல மெல்ல, ஒவ்வொன்றாக ஏறின. அவள் கதவைச் சாத்தவில்லை.

டிசம்பர் 9, வியாழன்

காலையில் தாணு வந்தான். வாசலில் அவனைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அக்கா, நேத்து மத்தியானம்..." என்று ஆரம்பித்தான்.

புஷ்பபாய் பின்படியில் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கிண்ணம் காலியாகத்தான் இருந்தது. காக்கை தின்றிருக்கும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன், சொல்லவில்லை.

"தெரியும் தாணு," என்றாள் அவள். "நேத்து இஞ்ச வந்தான். கஞ்சி குடிச்சிட்டாக்கும் போனான்."

பிறகு அவனுக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். அவன் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தான்.